மூன்று வருடம் போனால் பில் வெறும் காகிதம்

காத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கம் லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் ஷெட், லாரி சர்வீஸ் நடத்துகிறவர்களுக்குப் பாக்கி நின்றால் தெரிந்தது இரண்டே வழி: போலீஸ் ஸ்டேஷன், இல்லையென்றால் பெரிய மனிதர் பஞ்சாயத்து. சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராதது பெரும்பாலும் சிவில் விவகாரம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் மோசடி. ஸ்டேஷன்காரர்களும் இதை முதல் நாளே சொல்லி அனுப்புவதில்லை, அலையவிடுகிறார்கள். நீங்கள் அலையும் நாளெல்லாம் வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவில் கழிந்துகொண்டே இருக்கும். அந்தக் கெடு 3 ஆண்டு.

இந்த இரண்டும் தவிர மூன்றாவது வழி உண்டு: வியாபாரிகளுக்கான தனி மன்றம். அது பழைய ஏற்பாடுதான். பாரிஸில் 1563-இலேயே வியாபாரிகள் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். சென்னையில் மேயர் நீதிமன்றம் 1688-இல் வந்தது. சிறு கடன் வழக்குகளுக்கென்று 1753 சாசனம் தனி மன்றம் தந்தது. இன்று நமக்கு இருப்பது 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம். முதலில் 1 கோடி ரூபாய்க்குக் குறைந்த வழக்குக்கு அதில் இடமில்லை. ‘அது பெரிய கம்பெனி சமாசாரம்’ என்ற பேச்சு அன்றைக்குச் சரி. 2018 திருத்தம் வரம்பை 3 லட்சத்துக்கு இறக்கிவிட்டது. அதற்குப் பிறகும் அப்படிப் பேசிக்கொண்டு சும்மா இருப்பது சோம்பல்.

ஆனால் நேராக வழக்குப் போட முடியாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்டாலொழிய, 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். போகாத வழக்கு நிராகரிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டியது படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய், இடம் சட்டப் பணிகள் ஆணைக்குழு. எந்த மாவட்டத்து ஆணைக்குழு என்பதை வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காத்திவாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2011-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஈ-வே பில், பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர் கையெழுத்தும் சீலும் உள்ள டெலிவரி சலான் வேண்டும். சீல் வாங்காமல் லோடை இறக்கிவிட்டு வராதீர்கள். எதிராளி சமரசத்துக்கு வராவிட்டால் படிவம் 3 அறிக்கை தருவார்கள். அதோடு வழக்குப் போடலாம். சமரசத்தில் போன நாட்கள் காலக்கெடுவில் சேராது.

கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடும் என்பார்கள். பயம் நியாயமானதே. அப்படியானால் ‘இன்ன தேதிக்கு இவ்வளவு பாக்கி’ என்று, சரக்கு வாங்கியவரின் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்குங்கள். 3 ஆண்டு முடிவதற்குள் வாங்கினால் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். முடிந்தபின் வாங்கினால் அந்தப் பலன் இல்லை. ‘அடுத்த வாரம் சார்’ என்ற போன் பேச்சு எதற்கும் உதவாது.

பொருள் செய்து கொடுக்கும் குறு, சிறு நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அவர்களுக்கான 2006-ஆம் ஆண்டு சட்டப்படி 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. இணையவழியில் மனுப் போட்டால் அது சென்னை மண்டல வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே தோற்றால், சரக்கு வாங்கியவர் தீர்ப்பை எதிர்க்கத் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பாக்கி விழுந்தபின் எடுக்க ஓடுவதை நம்பாதீர்கள். வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்த வழி இல்லை.

கோர்ட்டென்றால் இழுக்கும் என்பவர்கள், தங்கள்மேலேயே வழக்கு வந்தால், வணிக நீதிமன்றச் சம்மனையும் பழைய சம்மன் மாதிரியே அலமாரியில் போட்டுவைக்கிறார்கள். இங்கே பதிலுரைக்கு 30 நாள். காரணம் காட்டினால் மொத்தம் 120. நூற்றிருபத்தோராம் நாள் கொண்டுபோனால் நீதிபதியே நினைத்தாலும் வாங்க முடியாது.