ஆய்வுப் பணம் யாருடையது?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை நூல்வாக்கில் இழுத்தால் விறைத்து நிற்கும். மூலைவாக்கில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். எந்த இழை எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்று கணினியில் கணக்கிடுவது கணினிவழி விசையியல். இழைக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பொருளறிவியல். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முனைவர் பட்டக் கேள்வி தெருவிலேயே கிடைக்கிறது. முதலில் அதை ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். "காம்போசிட்டில் ஏதாவது செய்யணும் சார்" என்று போனால் கதவு திறக்காது.

அடுத்து, அந்தக் கேள்விக்கு அருகில் வேலை செய்பவர்களின் சமீபத்திய கட்டுரைகளைத் தேடுங்கள். கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரையை அவசியம் படியுங்கள். எந்த அமைப்பு எந்தத் திட்டத்துக்கு நிதி தந்தது என்பது அங்கேதான் இருக்கும். யாரிடம் பணம் இருக்கிறது என்று ஊகிக்க இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரியாது. பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியின் பழைய மாணவர்கள் எழுதியவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

இனி, பணம் யாருடையது என்ற கேள்வி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை உங்கள் பெயரில் வருவது. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000 ரூபாய். ஐஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் நிறுவனமே தரும் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. மூன்றாவது, பேராசிரியரின் திட்டப் பணம். தொகை ஏறத்தாழ இதுவே என்றாலும் திட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டில் முடியும். ஆய்வேடு நான்கைந்து ஆண்டு கேட்கும். "திட்டம் முடிந்தபின் எனக்கு யார் தருவார்கள்?" என்று சேருமுன்பே கேளுங்கள். இது மரியாதைக் குறைவல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் இயற்கை நார்க் கலவைப் பொருள்கள் பற்றிய ஆய்வு நன்றாக நடக்கிறது. ஆனால் இதுபோன்ற எந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் தொகை, காலம், கற்பித்தல் வேலை மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐஐடி போன்ற இடங்களில் சேரப் பெரும்பாலும் கேட்கும் கேட் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும்; மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். மெக்கானிக்கல் தாளே எழுத வேண்டுமென்பதில்லை. எக்ஸ்இ என்ற பொறியியல் அறிவியல் தாளில் கணிதம் கட்டாயம். அதோடு திண்ம விசையியலையும் பொருளறிவியலையும் தேர்ந்தெடுத்தால் இந்தத் துறைக்கு அளவெடுத்தது போல் பொருந்தும். நீங்கள் சேர நினைக்கும் துறை அந்தத் தாளை ஏற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரி போதும்: அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம், உங்கள் கேள்வி எங்கே சேர்கிறது. லாம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் நீங்களே ஓட்டிய சிறு கணக்கீட்டின் படம் ஒன்றையும் இணையுங்கள். நேர்முகத்தில் பெரும்பாலும் அடிப்படைதான் கேட்பார்கள்: தகைவு, திரிபு, அணிக்கோவை. இடம் கிடைத்ததும் அந்த ஆய்வகத்தின் மூத்த மாணவர் ஒருவரிடம் தனியே பேசி, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.