ஒரு பாறைக்கே உரிய வண்டு

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைத் தீவகத்தார் நன்கறிவர். அதற்குத் தூரத்து உறவினதாகிய மான்கொம்பு வண்டைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம். ஆண்வண்டின் தாடைகள் கலைமானின் கொம்புபோல் நீண்டிருத்தலின் இப்பெயர் வழங்கலாயிற்று. அவை இரை கடித்தற்கன்று. ஆணோடு ஆண் பொருதற்கே உதவுவன. இக்குடும்பத்து வண்டுகளின் புழுக்கள் பெரும்பாலும் உக்கிய மரத்தையும் மட்கையும் உண்டு வளர்வன.

நியூசிலாந்திலே, ஓக்லாந்து நகருக்கு வடகிழக்கில், மொக்கோகினாவு என்னும் சிறு தீவுக்கூட்டம் உளது. அங்கு வாழும் மான்கொம்பு வண்டினம் ஒன்றுக்கு 1893 இல் தோமஸ் புறூண் என்பார் அறிவியற் பெயரிட்டார். உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. இன்று அது வாழ்வதாக அறியப்படுவது இரண்டரை ஏக்கருக்கும் குறைந்த ஒரு பாறைத்திட்டில் மாத்திரமே.

காரணம் யாது? இவ்வண்டுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. மனிதரோடு வந்த எலிகள் அருகிலுள்ள பெருந்தீவிற் பரவியபோது, கடல் கடந்து தப்ப அதற்கு வழியிருக்கவில்லை. எலியேறாத பாறையொன்றே அதன் குலத்தைக் காத்தது. 1990 இல் அத்தீவுகளில் எலிகள் ஒழிக்கப்பட்டன. எனினும் இழந்த இடத்திற்குத் தானே மீள அவ்வண்டால் இயலாது.

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை எனக் கடல்சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்கும் இதிற் படிப்பினை உண்டு. படகில் வரும் பொருளோடு வேண்டாத உயிரும் கரையேறும். மாணவர்காள்! உங்கள் தீவிலுள்ள வண்டும் பூச்சியும் எவையெனக் கண்டு குறித்து வைப்பீராக. பெயரறியப்படாத உயிர் மறைந்தால் அதனைத் தேடுவாரும் இலர்.