தன் சுமையைத் தானே சுமந்து

கோடை விடுமுறை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சிலர் பாட்டி வீட்டுக்குப் போவார்கள். சிலர் நாள் முழுவதும் விளையாடுவார்கள். சிலர் பெற்றோருக்கு வேலையில் உதவுவார்கள்.

அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. அங்கே பல பிள்ளைகள் வீட்டை விட்டுக் கோடை முகாமுக்குப் போகிறார்கள். அவற்றில் ஒரு வகை, வட பகுதிக் காடுகளில் நடக்கும் சிறுவர் முகாம். அங்கே மின்விசிறி இல்லை. தொலைக்காட்சி இல்லை. சமைத்துப் போட அம்மா இல்லை. காடும் ஏரியும்தான் உண்டு.

அப்படிப்பட்ட இடத்துக்குப் பெற்றோர் ஏன் பணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்?

எப்படித் தொடங்கியது?

1881ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஸ்குவாம் என்று ஓர் ஏரி. அதில் ஒரு சிறு தீவு. எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் அங்கே ஒரு முகாம் தொடங்கினார்.

அந்தக் காலத்துப் பணக்காரர்கள் கோடையில் பெரிய விடுதிகளில் போய்த் தங்குவார்கள். பிள்ளைகளுக்கு எல்லா வேலையும் செய்ய ஆள் உண்டு. அவர்களுக்கு ஒரு வேலையும் தெரியாது. இதைப் பார்த்துப் பால்ச் வருந்தினார்.

அவருடைய முகாமில் வேலைக்காரர் யாரும் இல்லை. சிறுவர்களே சமைத்தார்கள். பாத்திரம் கழுவினார்கள். படகுகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகாம் சில ஆண்டுகளே நடந்தது. ஆனால் அந்த எண்ணம் பல இடங்களுக்கும் பரவியது.

1893இல் மெயின் மாநிலத்தில் கீவேடின் என்ற முகாம் தொடங்கியது. பிறகு அது கனடாவின் டெமகாமி ஏரிக்குப் போனது. இன்றும் அங்கே நடக்கிறது. மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் இப்படிப் பல முகாம்கள் உண்டு.

ஏரிகள் நிறைந்த காடு

மின்னசோட்டா மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லையை ஒட்டி ஒரு பெரிய காடு இருக்கிறது. அதன் பெயர் பவுண்டரி வாட்டர்ஸ். பரப்பு சுமார் 11 லட்சம் ஏக்கர். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன.

இத்தனை ஏரிகள் எப்படி வந்தன? பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் பனிப்பாறைகளுக்கு அடியில் இருந்தது. அவை நகர்ந்தபோது நிலத்தைத் தோண்டின. பிறகு பனி உருகியது. பள்ளங்களில் தண்ணீர் நின்றது.

பைன் மரங்கள், வெள்ளைப் பட்டை கொண்ட பர்ச் மரங்கள், மூஸ் என்னும் பெரிய மான், கருங்கரடி, ஓநாய் எல்லாம் இங்கே உண்டு. கோடையில் பகல் மிக நீளம். ஜூன் மாதத்தில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். கொசுவும் ஏராளம்.

இந்தக் காட்டின் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிக்கும் மோட்டார் படகுக்கும் அனுமதி இல்லை. துடுப்பு போட்டுத்தான் போக வேண்டும்.

முதலில் பயிற்சி

முகாமுக்கு வந்தவுடன் காட்டுக்குள் அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் நீச்சல் சோதனை. பிறகு துடுப்புப் போடப் பழக்குவார்கள். கூடாரம் கட்ட, முடிச்சுப் போட, வரைபடம் பார்க்க, திசைகாட்டி பார்க்கக் கற்றுத் தருவார்கள்.

ஏரியில் குளிக்கும்போது ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. பெரியவர் விசில் ஊதினால் இருவரும் சேர்ந்து கையைத் தூக்க வேண்டும். ஒருவன் மட்டும் தூக்கினால் மற்றவன் எங்கே என்று உடனே தேடுவார்கள்.

தலைமேல் படகு

பயிற்சி முடிந்ததும் பயணம். சிறியவர்கள் சில நாள் போய் வருவார்கள். பெரிய பையன்கள் வாரக் கணக்கில் போவார்கள். கூட ஓரிரு வழிகாட்டிகள் வருவார்கள்.

படகின் பெயர் கேனோ. நீளமானது, ஒடுக்கமானது. இரண்டு முனையும் கூராக இருக்கும். இரண்டு அல்லது மூன்று பேர் உட்காரலாம்.

ஓர் ஏரி முடியும். அடுத்த ஏரிக்குப் போக நடுவில் நிலம் இருக்கும். என்ன செய்வது? படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சில இடத்தில் நூறு அடி தூரம். சில இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

படகின் நடுவில் நுகத்தடி போல ஒரு குறுக்குக் கட்டை உண்டு. படகைக் கவிழ்த்து, அந்தக் கட்டையைத் தோளில் வைத்துக்கொள்வார்கள். அலுமினியப் படகு சுமார் 30 கிலோ இருக்கும். மற்றவர்கள் மூட்டைகளைத் தூக்குவார்கள். கீவேடின் முகாமில் உணவுச் சாமான்களை மரப்பெட்டியில் வைத்து, பெட்டியில் கட்டிய வாரை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பார்கள்.

வழியில் பாறை இருக்கும். சேறு இருக்கும். கொசு கடிக்கும். இரண்டு கையும் படகைப் பிடித்திருக்கும். கொசுவை அடிக்க முடியாது. முதல் நாள் சில சிறுவர்கள் பாதி வழியில் அழுதுவிடுவார்கள். நண்பன் வந்து தோள் கொடுப்பான். பத்தாம் நாள் அதே சிறுவன் தானே தூக்கி நடப்பான்.

மாலையில் ஒரு கரையில் தங்குவார்கள். ஒருவன் விறகு பொறுக்குவான். ஒருவன் தண்ணீர் எடுப்பான். ஒருவன் சமைப்பான். சோறு குழைந்தால் குழைந்த சோறுதான். கரடி வராமல் இருக்க உணவு மூட்டையைக் கூடாரத்துக்குத் தூரமாக, மரத்தில் உயரே கட்டித் தொங்கவிடுவார்கள்.

துணிவு மட்டும் போதாது

1978ஆம் ஆண்டு ஜூன் 11. கனடாவில் டிமிஸ்கமிங் என்ற பெரிய ஏரி. ஒரு பள்ளியைச் சேர்ந்த சிறுவர்களும் ஆசிரியர்களுமாக 31 பேர் நான்கு படகுகளில் புறப்பட்டார்கள். காற்று அடித்தது. அலை எழும்பியது. ஒரு படகு கவிழ்ந்தது. உதவப் போனவர்களும் நீரில் விழுந்தார்கள். 12 சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்துபோனார்கள்.

அந்த நாட்டில் ஜூன் மாதத்திலும் பெரிய ஏரியின் தண்ணீர் கடும் குளிராக இருக்கும். குளிர்ந்த நீரில் கைகால் விறைத்துப்போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவனாலும் நீந்த முடியாது.

பிள்ளைகளுக்குக் கடினமான வேலை கொடுக்கலாம். ஆனால் அவர்கள் உயிரோடு விளையாடக் கூடாது. நல்ல முகாம்களில் இன்று மிதவைச் சட்டை போடாமல் படகில் ஏற விட மாட்டார்கள். காற்று அதிகமானால் கரையிலேயே காத்திருப்பார்கள். வழிகாட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. காத்திருப்பதும் ஒரு துணிவுதான்.

காடு யாருடையது?

பவுண்டரி வாட்டர்ஸ் பகுதி ஒஜிப்வே மக்கள் வாழ்ந்த நிலம். பர்ச் மரப்பட்டையால் கேனோ செய்தவர்கள் அவர்கள். ஏரியிலிருந்து ஏரிக்கு நடந்த பாதைகளும் பழங்குடி மக்களின் பாதைகள். 1854இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அந்த நிலத்தை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை மட்டும் அந்த மக்களிடம் நின்றது.

பின்னால் வந்த முகாம்கள் பழங்குடிச் சொற்களைப் பெயராக வைத்துக்கொண்டன. அவர்களைப் போல வேடம் போட்டுச் சடங்கு நடத்தின. அந்த மக்களிடம் கேட்கவில்லை. இது தவறு என்று உணர்ந்து பல முகாம்கள் இப்போது அந்த வழக்கத்தை விட்டிருக்கின்றன.

இன்னொரு குறையும் உண்டு. முகாமுக்குக் கட்டணம் அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளை எளிதில் போக முடியாது. சில முகாம்கள் உதவித்தொகை தருகின்றன. முன்பு சிறுவர்களுக்கு மட்டும் இருந்த சில முகாம்களில் இப்போது சிறுமிகளும் சேர்கிறார்கள். அவர்களும் படகு தூக்குகிறார்கள்.

காட்டுக்கும் சட்டம் உண்டு. 1964இலும் 1978இலும் வந்த சட்டங்கள் பவுண்டரி வாட்டர்ஸைக் காக்கின்றன. ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் போகக் கூடாது. உணவு அடைத்த தகர டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. சோப்பை ஏரியில் கலக்கக் கூடாது. குப்பையைத் திரும்பச் சுமந்து வர வேண்டும்.

வீடு திரும்பியபோது

கோடை முடியும். சிறுவன் வீடு திரும்புவான். தோளில் காய்ப்பு இருக்கும். முகம் கறுத்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவி வைப்பான். அம்மா ஆச்சரியமாகப் பார்ப்பாள்.

பெற்றோர் பணம் கட்டி அனுப்பியது இதற்காகத்தான். நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் சின்ன வயதிலேயே தண்ணீர் சுமக்கிறார்கள். விறகு சுமக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பள்ளிக்கூடமும் விளையாட்டும். சுமையே அறியாத பிள்ளைக்குத் தேவை கொஞ்சம் சுமை. இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் பொதுவானது ஒன்று. தன் வேலையைத் தானே செய்வதில் வெட்கம் இல்லை. பெருமைதான் உண்டு.

பேசிப் பார்ப்போம்

1. பால்ச் தம் முகாமில் ஏன் வேலைக்காரர்களை வைக்கவில்லை?
2. குளத்திலோ ஆற்றிலோ பிள்ளைகள் குளிக்கும்போது நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள்? ஜோடி முறை உங்கள் ஊருக்குப் பயன்படுமா?
3. உங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்ன வேலை செய்கிறான்? பெண்பிள்ளை என்ன வேலை செய்கிறாள்?