அபினுக்கு அடிமையானவனும் ஒரு பழைய ஃபத்வாவும்

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அபின், ஹெராயின் போன்ற போதைப்பொருள்கள் விலக்கப்பட்டவை என்பதிலும் உலமாக்களிடையே இன்று ஐயமில்லை. ஆனால், அப்பழக்கத்தில் வீழ்ந்து எழ முடியாமல் கிடப்பவனை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது, அதே சட்டத்தை இன்னொரு முறை எடுத்துரைப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். நம் ஃபிக்ஹு நூல்கள் அவ்வாறு நின்றுவிடவில்லை.

ஹிஜ்ரி 974இல் மக்காவில் மறைந்த ஷாஃபிஈ மேதை இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) அவர்களிடம் இக்கேள்வியே கேட்கப்பட்டது. ஒருவன் அபின் உண்டு பழகிவிட்டான். உண்ணாவிட்டால் இறந்துவிடும் நிலை. அவன் என்ன செய்வான்? இறப்பு நேரும் என்பது உறுதியாகத் தெரிந்தால் அவன் உண்ணலாம். உயிரைக் காக்க வேண்டியிருப்பதால் அது கடமையும் ஆகும் என்றார் இமாம். பசியால் உயிர் போகும் நிலையில் உள்ளவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி அனுமதிக்கப்படுவதை ஒப்புக்காட்டினார். அத்துடன் விடவில்லை. இரைப்பை உணராதவாறு அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வர வேண்டும். அதற்கு முயலாதவன் பாவி என்றும் தீர்ப்பளித்தார். ‘துஹ்ஃபத்துல் முஹ்தாஜ்’ நூலாசிரியரான அவர் நம் கடற்கரை ஊர் மதரஸாக்களுக்கு அந்நியரல்லர். டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் இத்தீர்ப்பை எடுத்தாள்வதால், இது ஒரே மத்ஹபுக்குள் அடங்கிய கருத்துமன்று.

இமாம் இரைப்பையின் வேட்கை என்றதை இன்றைய மருத்துவம் மூளையில் காண்கிறது. அபினும் அதிலிருந்து பெறப்படும் மார்ஃபின், ஹெராயின் ஆகியவையும் வலியையும் மூச்சையும் ஆளும் நரம்பணுக்களில் சென்று பற்றிக்கொள்கின்றன. மூளை பழகப் பழக, முன்பு போதிய அளவு பின்பு போதாததாகிறது. நிறுத்தினாலோ உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. இத்துன்பம் தானே உயிரைப் பறிப்பது அரிது. பெரிய ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கிறது. மகனை அறையில் பூட்டி வைத்துப் பழக்கத்தை முறித்துவிட்டதாகச் சில பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். அந்தச் சில வாரங்களில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது. ஏக்கமோ அப்படியே இருக்கிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்துக்கொள்பவன் மூச்சடங்கி இறந்துபோகக்கூடும்.

எனவேதான் மருத்துவர்கள் தம் மேற்பார்வையில் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மாற்று மருந்துகளை அளிக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பலருக்கு இவை பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. அவசரப்பட்டுக் குறைத்தால் மீண்டும் வீழ்கின்றனர். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற இமாமின் நிபந்தனையை இந்த நீண்ட சிகிச்சைக்கு எவ்வாறு பொருத்துவது? மருத்துவரும் உலமாக்களும் ஒரே அவையில் அமர்ந்து பேச வேண்டிய கேள்வி இது என்பது நம் கருத்து.

2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் 2.06 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 2.26 கோடிப் பேர், அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. போதைக்காக விழுங்கப்படும் வலி மாத்திரைகளும் இக்கணக்கில் அடங்கும். சிறிய அளவு தொடர்பான குற்றங்களில், தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இடம் தருகிறது. இதை அறிந்த குடும்பங்களும் மருத்துவமனை வாசல் வரை வந்து, மஹல்லாவில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என அஞ்சித் திரும்பிப் போவதுண்டு.