நிக்கலுக்குள் ஹைட்ரஜன் நுழையுமா?

நிக்கல் தூளில் ஹைட்ரஜனைச் செலுத்திச் சூடாக்கினால், செலவிட்டதைவிடப் பல மடங்கு வெப்பம் கிடைக்கும் என்று 2011இல் இத்தாலியின் ஆந்த்ரேயா ரோஸ்ஸி அறிவித்தார். எப்படி?

நிக்கல் கருவில் 28 புரோட்டான்கள். ஹைட்ரஜனின் கருவான இன்னொரு புரோட்டான் புகுந்தால் அது செம்பு, ஆற்றலும் வெளிப்படும். கணக்கு சரிதான். ஆனால் நேர்மின் கொண்ட கரு, நேர்மின் கொண்ட புரோட்டானை நெருங்கவே விடாது. சூரிய மையத்தின் 1.5 கோடி டிகிரிகூட அந்தத் தடையைத் தாண்டப் போதாது.

ஆர்வலர்கள் ஒரு குறுக்குவழியை யோசித்தார்கள்: புரோட்டான் ஓர் எலெக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாகிவிட்டால்? மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கரு தடுக்காதே! அழகான யோசனை. ஆனால் அந்த மாற்றத்துக்கே ஏறத்தாழ 7.8 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூடான உலோகத்தில் ஓர் அணுவுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு.

இப்படிக் குறைந்த வெப்பத்திலேயே கருக்கள் இணையும் என்ற கூற்றுக்குக் குளிர் அணுக்கரு இணைவு என்று பெயர். கூகுள் நிதியுதவியில் நடந்த அதுபற்றிய ஆய்வு, சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று 2019இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது.