சென்னையைச் சுற்றி ஒரு பகல்: கட்டுச்சோற்றுக்கு ஏற்ற இடங்கள்

வீட்டில் சமைத்த உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடோ நண்பர்களோடோ திறந்த வெளிக்குச் சென்று, அங்கே அமர்ந்து உண்டு இளைப்பாறிப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் வழக்கம் இன்று பிக்னிக் எனப்படுகிறது. பெயர் புதிதாயினும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையூர்களில் சித்திரான்னங்களோடு படித்துறைக்குச் செல்வதும், தை மாதத்துக் காணும் பொங்கலன்று உற்றார் உறவினரோடு கடற்கரைக்கும் தோப்புக்கும் புறப்படுவதும் அதே வழக்கத்தின் பழைய வடிவங்களே. ஆனால் காவிரிக் கரைக்காரர்களுக்குக் கிடைத்த வசதி சென்னைவாசிகளுக்கு இல்லை. கூவமும் அடையாறும் நகருக்குள் புகுந்ததுமே கழிவுநீர் சுமப்பவையாகி விடுவதாலும், அண்மையிலுள்ள குன்றுகள் சிறியவையாகவும் மரம் குறைந்தவையாகவும் இருப்பதாலும், கோடை நீண்டு கடுமையாக இருப்பதாலும், இந்நகரத்தார் ஒரு பகலைக் கழிக்க நல்ல இடம் தேடும்போது மற்ற ஊரார் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத பலவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடத்தின் புகழை மட்டும் பார்த்துப் புறப்படுவதே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம். காண்பதற்குரிய இடம் வேறு, அமர்வதற்குரிய இடம் வேறு. மாமல்லபுரத்தின் குடைவரைகளும் ஒற்றைக்கல் ரதங்களும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கலையின் உச்சம் என்பதிலும், 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அவை இடம்பெற்றது பொருத்தமே என்பதிலும் ஐயமில்லை. எனினும் நண்பகலில் வெயிலை வாங்கித் தகிக்கும் கருங்கற் பாறைகளுக்கிடையே, தொல்லியல் துறையின் விதிப்படி நினைவுச்சின்ன வளாகத்துக்குள் உணவுண்ணவும் இயலாத நிலையில், புளியோதரைப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிழல் தேடும் குடும்பத்துக்கு அந்தக் கலையுச்சம் ஆறுதல் தருவதில்லை. அங்கே காலையில் சென்று கண்டு திரும்புவது நன்று. உண்பதற்கான இடத்தை வேறெங்காவது அமைத்துக்கொள்வதே முறை.

அமர்வதற்குரிய இடத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதலாவது மாதம். சென்னைக்கு மழையின் பெரும்பகுதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. அது ஓய்ந்தபின், டிசம்பர்க் கடைசி முதல் பிப்ரவரி முடியும்வரை, ஏரிகளில் நீர் நிறைந்து, புல் பச்சையாக, வெயில் பொறுக்கத்தக்கதாக இருக்கும் இரண்டு மாதங்களே இந்நகரத்தின் உண்மையான உல்லாசக் காலம். பள்ளி விடுமுறை விடப்படும் மே மாதமோ அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயிலின் மாதம். குழந்தைகளுக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் வெளியே செல்லத் தகாத காலமும் ஒன்றாக அமைந்திருப்பது பள்ளி நாட்காட்டியின் குறை. அதற்குப் பெற்றோர் பொங்கல் விடுமுறையிலும் அதையடுத்த சனி ஞாயிறுகளிலும் ஈடு செய்துகொள்ளலாம்.

மாதத்துக்கு அடுத்தது நாளின் வேளை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமுற்று உயர, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி வருகிறது, இதுவே கடற்காற்று. கடலையொட்டிய பெசன்ட் நகருக்கு இக்காற்று முதலில் வந்து சேர்ந்து, உள்நாட்டிலுள்ள வண்டலூருக்கும் அதற்கு மேற்கேயும் பின்னரே எட்டுகிறது. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வலுவாக வீசும் வறண்ட காற்று இதனை எதிர்த்துத் தள்ளுவதால் பிற்பகல்வரை கடற்காற்று நுழையாமற் போகும் நாட்கள் உண்டு. வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான். ஆதலால் கோடையில் வெளியே சென்றே தீரவேண்டும் என்போர், விடியற்காலையில் புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவதோ, மாலை நான்கு மணிக்குமேல் கடற்கரையில் கூடுவதோ மட்டுமே அறிவுடைய செயல். கட்டுச்சோறு என்றால் நண்பகல் உணவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இட்லியில் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி எடுத்துச் சென்று காலை உணவாக உண்பது கோடைக்கு மிகவும் ஏற்றது.

நிழலைப் பற்றிப் பொதுவாகப் பேசுவோர் மரத்தின் இனத்தைக் கவனிப்பதில்லை. எல்லா மரமும் ஒரே வகை நிழல் தருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் காணப்படும் சவுக்குத் தோப்புகள் தொலைவிலிருந்து பார்க்கக் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், ஊசிபோன்ற அவற்றின் கிளைகளூடே வெயில் சலித்து விழுகிறது. பல தோப்புகள் தனியார் உடைமை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. பனை பெயரளவுக்கே நிழல் தரும். தென்னையின் அடியில் அமர்ந்தால் மட்டையோ காயோ விழும் அச்சம் உண்டு. புங்கமரம் வேனிலின் தொடக்கத்தில் இலையுதிர்த்து, சில நாட்களிலேயே புதுத்தளிர் விட்டு, வெயில் முற்றும் சித்திரையில் அடர்ந்த நிழலோடு நிற்பதால் கோடைக்கு அதனினும் சிறந்த துணையில்லை. வேம்பும் ஆலும் ஆண்டு முழுவதற்கும் நம்பத் தகுந்தவை. தூங்குமூஞ்சி மரம் குடைபோல் அகன்று பெருங்கூட்டத்துக்கும் நிழல் தரவல்லது. ஏரிக்கரைகளில் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் அருகே சிறுவர்களை வெறுங்காலோடு விடலாகாது. அதன் முள் செருப்பையும் துளைத்துவிடும்.

நகரத்தின் உள்ளேயே இத்தகைய மரச்செறிவு மிகுந்த இடம் கிண்டி. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி வனம் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மழை சில மாதங்களில் மட்டுமே பெய்தாலும் பெரும்பாலான மரங்கள் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காடு எனும் வகையைச் சேர்ந்த இது, சோழமண்டலக் கடற்கரையோரம் முன்பு பரவியிருந்த இயற்கைத் தாவரத்தின் எச்சம். புள்ளிமானும் வெளிமானும் வாழும் உட்காட்டுக்குள் பொதுமக்கள் விருப்பம்போல் உலவ இயலாது. அதையடுத்த சிறுவர் பூங்காவே அவர்களுக்குத் திறந்திருப்பது. சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு, இரண்டு மணி நேரம் காரில் அடைந்துகிடந்து செல்லும் எந்த ஊரையும்விட இப்பூங்கா மேலானது. அடையாற்றின் தென்கரையிலுள்ள பிரம்மஞான சபை வளாகமும், 1989ஆம் ஆண்டுப் புயலில் தாய்மரம் சாய்ந்தும் விழுதுகளால் நிலைத்து நிற்கும் அதன் பேராலமரமும் காணத்தக்கவையே; ஆனால் அமைதி காக்கும் வளாகமாதலால், ஆரவாரத்தோடு கூடி உண்ண வரும் கூட்டத்துக்கு அது உரிய இடமன்று.

கிழக்குக் கடற்கரைச் சாலை உல்லாசப் பயணத்துக்கே அமைந்தது போன்ற பெயர் பெற்றுவிட்டது. முட்டுக்காட்டில், கடல்நீர் உட்புகுந்து தேங்கும் உப்பங்கழியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உள்ளது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் நிறுவிய தட்சிணசித்ரா 1996 முதல் இயங்குகிறது. அதற்குத் தெற்கே, ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தோற்றுவித்த முதலைப் பண்ணை உள்ளது. மூன்றும் காண்பதற்குரியவை. வீட்டு உணவைப் பரப்பி வைத்து உண்ணத் தக்க பொது நிழலோ, கட்டணமின்றி அமரத்தக்க திடலோ இச்சாலையில் அரிது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நகரம் திரும்பும் வாகன வரிசையையும் சேர்த்து எண்ணினால், இச்சாலையின் பெயர் அதன் தகுதியை மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும். கோவளம் கடற்கரையில் மாலைப்பொழுதைக் கழிப்பது மட்டும் இதற்கு விலக்கு.

தென்மேற்கே செல்வோருக்கு நிலைமை வேறு. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, பழைய மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த நெருக்கடியான விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து 1985இல் இடம்பெயர்ந்து, இன்று 602 ஹெக்டேரில் பரந்துள்ளது. மரநிழலில் நெடுந்தூரம் நடக்க இயலும் என்பதும், புறநகர் ரயிலிலேயே வண்டலூர் நிலையம் வரை வந்துவிடலாம் என்பதும் இதன் சிறப்புகள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து வந்து வாசலோடு திரும்புவோர் உண்டு.

குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்ற குடும்பத்துக்குப் பரிந்துரைக்கத் தக்கது வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இச்சிறிய ஏரி, நாட்டின் பழமையான நீர்ப்பறவைச் சரணாலயங்களுள் ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டுக்கொண்டதற்கிணங்கி அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தார். ஊராரின் அக்கறைக்குக் காரணமும் தெளிவானது: பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். இரைதேடச் சென்ற பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பும் மாலை நான்கு முதல் ஆறு மணிவரை காட்சி மிகுதி. ஆகவே பகலுணவை வழியில் நிழலான இடத்தில் முடித்துக்கொண்டு, பிற்பகலில் ஏரிக்கரையை அடைந்து, கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பார்ப்பதே சிறந்த முறை. அருகிலுள்ள கரிக்கிலி ஏரியில் கூட்டம் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் நீர் நில்லாது, பறவைகளும் தங்கா. எனவே புறப்படுமுன் ஏரியின் நிலையை விசாரித்தறிவது இன்றியமையாதது.

வடக்கே பழவேற்காடு, மேற்கே பூண்டி, ஆந்திர எல்லைக்கு அப்பால் தடா என மூன்று திசையும் மூன்று விதம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்ததன் அடையாளமாக, வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் கொண்ட கல்லறைத் தோட்டம் நிற்கிறது. குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டுச் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும், அவ்வட்டாரத்தில் கிடைத்த கற்காலக் கருவிகளைக் கொண்ட அருங்காட்சியகமும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. தடாவுக்கு அருகேயுள்ள உப்பலமடுகு அருவி நடக்கும் வலிமையுள்ள இளைஞர்களுக்கு மட்டுமே.

நீர்நிலை எதுவாயினும் அதன் ஆபத்தை அறியாமல் இறங்கலாகாது. பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகச் சென்றோரின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மிதவைச் சட்டை அணியாமலும், அளவுக்கு மீறி ஆளேற்றும் படகிலும் ஏறுவதில்லை என்ற உறுதி பெரியோருக்கு வேண்டும். கடற்கரையில் அஞ்சத்தக்கது பேரலையன்று. கரையில் மோதிய நீர் முழுவதும் ஒரு குறுகிய வழியே கடலுக்குத் திரும்பும்போது வலிய இழுப்பு உண்டாகிறது. அவ்விடத்தில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றுவதால் நீச்சல் அறியாதோர் அதையே பாதுகாப்பான இடமென நம்பி இறங்குகின்றனர். சிக்கியவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகலாம். மலையருவிகளில் மற்றொரு வகை ஆபத்து: அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, மேலே பெய்த மழை சில நிமிடங்களில் பெருவெள்ளமாக இறங்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

இடம் தேர்வதில் ஆண்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் வினா, அங்கே தூய கழிப்பறை உண்டா என்பது. அது இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பதும், வீடு திரும்பியதும் தலைவலியோடு படுப்பதும் பேசப்படாத உண்மைகள். ஆகையால் அழகு சற்றுக் குறைந்தாலும் இவ்வசதியுள்ள பூங்காவையே முதலில் எண்ண வேண்டும். உணவைப் பொறுத்தவரை, தேங்காய் சேர்ந்த பண்டங்கள் வெப்பத்தில் விரைவில் ஊசிப்போகும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். தயிர்ச்சாதத்தில் பாலை மிகுதியாகவும் தயிரைக் குறைவாகவும் கலந்து எடுத்துச் சென்றால் உண்ணும் வேளையில் புளிக்காமல் இருக்கும்.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்த இடமும் காணும் பொங்கலன்று பயன்படாது. அன்று மெரினாவிலும் வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் கூடும் மக்கள்வெள்ளத்தில் குழந்தைகள் தொலைவதும், கடலில் இறங்காதபடி காவல்துறையினர் தடுப்பு கட்டுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. அடுத்த வாரமே அதே இடங்கள் அதே தட்பவெப்பத்தில் கூட்டமின்றி இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்துச் செல்வோர், மீந்ததைத் திரட்டி வர ஒரு துணிப்பையையும் மறவாது எடுத்துச் செல்வார்களாக.