செகண்ட் பிரிஃபரன்ஸ் எனக்குப் போடுங்க, சார்!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? சட்டசபைத் தேர்தல் முடிவுக்காக டி.வி. முன்னால் உட்கார்ந்து நகம் கடிக்கிறோமே, அதைவிடப் பரபரப்பான ஓட்டு எண்ணிக்கை ஒன்று கேமராக்கள் எட்டிப் பார்க்காத அறையில் நடக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். நிற்பவர்களும் அவர்களே. ஜெயித்தால் கிடைப்பது சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் ஒரு நாற்காலி.

பல்கலைக்கழகம் பிறந்தது 1857-இல். அதை நடத்துகிற சட்டம் 1923-ஆம் ஆண்டுடையது. இணைப்புக் கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க அந்தச் சட்டம் சொல்லும் வழியின் பெயர் ஒற்றை மாற்று வாக்கு. பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும். ஆனால் உள்ளே போனால் சினிமா! காஞ்சிபுரம் மாவட்டமும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூம்களையும் இந்தப் படம் விட்டுவைப்பதில்லை.

வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. பெயருக்கு நேராக 1, 2, 3 என்று நம்பர் போட வேண்டும். யார் முதல், அவர் இல்லையென்றால் யார், அவரும் இல்லையென்றால் யார். அவ்வளவுதான். இந்த ஒரு சங்கதியால் பிரசாரமே தலைகீழாகிவிடுகிறது. சாதாரணத் தேர்தலில் எதிராளியின் ஆள் என்று தெரிந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். இங்கே எதிராளியின் ஆளைத் தேடிப் போய், டீ வாங்கிக் கொடுத்து, "ஃபர்ஸ்ட் அவருக்குத்தான்னு தெரியும், நான் ஒண்ணும் சொல்லலை. செகண்ட் எனக்குப் போடுங்க, சார்" என்று சிரிக்க வேண்டும். எதிராளியைத் திட்டினால் இரண்டாம் இடம் பறிபோகும். பேராசிரியர்கள் இவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆசிரியர் சங்கங்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. ஏ.யு.டி. 1946-இலிருந்து இருக்கும் சங்கம். தெற்கே மூட்டா. "நம்ம ஆள் நாலு பேர் நிக்கிறாங்க. இந்தக் காலேஜ்ல ஒண்ணாம் நம்பர் இவருக்கு, அந்தக் காலேஜ்ல அவருக்கு" என்று ஓட்டைப் பிரித்துக் கொடுப்பது தனிக் கலை. ஒருவருக்கே எல்லாம் குவிந்தால் மற்ற மூவரும் தடுமாறுவார்கள்.

இதே கணக்கை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். மாநிலங்களவைத் தேர்தல் வந்தால் "ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்" என்று டீக்கடையில்கூடச் சொல்வார்களே, அது எங்கிருந்து வந்தது? 234 ஓட்டு, 6 இடம். ஆறோடு ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்தால் 33 சொச்சம். அதற்கு அடுத்த முழு எண் 34. இந்தக் கோட்டைத் தாண்டியவர் எம்.பி.

இப்போது எண்ணும் மேசைக்கு வாருங்கள். சும்மா ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: 4 இடம், செல்லுபடியான சீட்டு 500. மாநிலங்களவை விதிப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு 100. மொத்தம் 50,000. ஐந்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 10,001. இதுதான் கோட்டா. ஒரு பொருளாதாரப் பேராசிரியருக்கு 161 சீட்டில் முதலிடம் விழுந்திருக்கிறது. 16,100! மாலையைக் கொண்டு வா என்று வெளியே கத்துகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கோ வேலையே இனிமேல்தான். கோட்டாவுக்கு மேல் அவரிடம் இருப்பது 6,099. அதை வீணாக்கக் கூடாது. அவருடைய 161 சீட்டையும் மறுபடி விரித்து, அடுத்தது யார் என்று பார்க்கிறார்கள். 11 பேர் 1 மட்டும் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். மீதி 150 சீட்டுக்கு 6,099-ஐப் பங்கு வைத்தால் தலைக்கு 40. பின்னம் தள்ளுபடி. ஒவ்வொரு சீட்டும் நாற்பது மதிப்போடு அடுத்தவர் கட்டுக்கு நகர்கிறது.

உபரி தீர்ந்ததும் கடைசியில் இருப்பவரைக் கழிக்கிறார்கள். அவர் கட்டில் இருந்த முதல் ஓட்டுகள் முழு நூறு மதிப்போடு கிளம்பும். தோற்றவரின் ஆட்கள் திடீரென்று ராஜாவை உருவாக்கும் இடம் இது. முதல் சுற்றில் ஆறாவது இடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவர் எட்டாவது சுற்றில் மேலே ஏறி வருவார். மதியம் ஆறுதல் சொன்னவர்கள் சாயங்காலம் கைகுலுக்க வரிசையில் நிற்பார்கள். கட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு, சுற்று எண் எழுதி, கூட்டல் சரிதானா என்று இன்னொருவர் பார்த்து... கணக்குத் துறை ஆசிரியருக்கு அன்றைக்குக் கிடைக்கும் மரியாதை வருஷம் முழுக்கக் கிடைக்காது.

இனி கிசுகிசு. படித்தவர்களின் செல்லாத ஓட்டு! டிக் போட்டால் போச்சு. இரண்டு பேருக்கு 1 போட்டால் போச்சு. அடையாளம் தெரியும்படி கையெழுத்துப் போட்டால் போச்சு. பரீட்சைப் பேப்பரில் நம்பர் எழுத மறந்த பையனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்களும் இதற்குத் தப்புவதில்லை. தெலங்கானாவில் 2025-இல் நடந்த கரீம்நகர் பட்டதாரித் தொகுதி மேலவைத் தேர்தலில் சுமார் 28 ஆயிரம் ஓட்டு செல்லாமல் போனது. அத்தனையும் டிகிரி வாங்கியவர்கள் போட்டது. 2021-இல் ஹைதராபாத் பட்டதாரித் தொகுதியில் 93 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு செய்தித்தாள் மாதிரி விரிந்தது, எண்ணி முடிக்க நாள்கணக்கில் ஆனது. ஹரியானாவில் 2016 மாநிலங்களவைத் தேர்தலில் பேனா மாறிப் போனதாலேயே பத்துக்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு குப்பைக்குப் போனது. நம்மூரிலும் 1986-இல் மேலவை ஒழிக்கப்படும் வரை ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன. அவற்றுக்கும் இதே நம்பர் முறைதான்.

சரி, ஸ்ரீபெரும்புதூர் பக்கமே கொஞ்சம் தள்ளிப் போனால் பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. 1985-இல் தொடங்கியது, இப்போது தன்னாட்சிக் கல்லூரி. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதிப்படி, அகாடமிக் கவுன்சிலில் துறைத் தலைவர்களோடு நான்கு ஆசிரியர்கள் உட்காரலாம். எப்படி? சீனியாரிட்டி வரிசையில், சுழற்சி முறையில். ஓட்டுப்பெட்டி கிடையாது, டீ கிடையாது, செகண்ட் பிரிஃபரன்ஸ் கிடையாது. தனியார் கல்லூரியின் ஆட்சிக் குழுவுக்கு இரண்டு ஆசிரியர்களை முதல்வரே சீனியாரிட்டி பார்த்து நியமிப்பார். சண்டை வராது, உண்மைதான். ஆனால் சிறந்த தீர்வைக் கண்டுபிடிக்கக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அதைப் போட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. நூறு அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில், நிர்வாகத்தோடு சமமாக உட்காரத் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட பணிக்குழு அமைக்கலாம் என்பது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே வந்துவிட்டது. மத்திய அரசு 1957-இல் வகுத்த விதிகள் 18 வயதும் ஆறு மாத சர்வீஸும் இருந்தால் ஓட்டு என்றன. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே "எங்கள் சார்பில் பேசுவது யார்?" என்ற கேள்விதான் நின்றது. அவர்கள் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. அதே ஊர் பஸ்ஸில் வரும் உதவிப் பேராசிரியர் தன் முறை வரக் காத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு திகில். இரண்டு பேர் சரிசமமாகக் கடைசியில் நின்றால் யாரைக் கழிப்பது? மாநிலங்களவை விதிப்படி முதல் ஓட்டு குறைந்தவர் வெளியே. அதுவும் சமம், எல்லாச் சுற்றிலும் சமம் என்றால் குலுக்கல் சீட்டு! ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே பராந்தக சோழன் காலக் கல்வெட்டில், சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுத்த முறை அது. கூடவே இருந்த நிபந்தனைகளில் இரண்டு: முந்தைய மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, கணக்குக் காட்டாதவர் பெயரையும் போடக் கூடாது. செனட் தேர்தலில் இந்த முதல் நிபந்தனையைக் கொண்டுவரலாம் என்று ஏதாவது சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்களேன். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க நானும் வருகிறேன்.